பார்ப்பவர் எங்கே நிற்கிறார்? ஆங்கிலத்தில் ஜன்னலும் பார்வையும்

‘ஜன்னல் வழியாகப் பார்த்தாள்’ என்று தமிழில் எழுதினால் வாக்கியம் முடிந்துவிடுகிறது. அவள் வீட்டுக்குள் இருந்தாளா, தெருவில் நின்றாளா என்பதைக் கதைப் போக்கே சொல்லிவிடும். இதையே ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் கை தயங்குகிறது. ‘லுக் அவுட் ஆஃப் த விண்டோ’, ‘லுக் அவுட் த விண்டோ’, ‘லுக் த்ரூ த விண்டோ’, ‘லுக் இன் அட் த விண்டோ’, ‘லுக் இன்டு த விண்டோ’, ‘லுக் அப் அட் த விண்டோ’ என்று வரிசை நீள்கிறது. அகராதியைப் புரட்டினால் குழப்பம் கூடுகிறது. ‘லுக் அவுட்’ என்றால் எச்சரிக்கையாக இரு, ‘லுக் இன்டு’ என்றால் விசாரி, ‘லுக் அப்’ என்றால் அகராதியில் தேடு என்று போட்டிருக்கிறது. ஜன்னலைக் காணோம்.

நம் பள்ளிகளில் இத்தகைய தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அது தேவையற்ற சுமை. இவை மூன்று கேள்விகளுக்குச் சொல்லும் விடையிலிருந்து பிறக்கின்றன. பார்ப்பவர் எங்கே நிற்கிறார்? பார்வை எந்தப் பக்கம் போகிறது? அந்த வாக்கியத்தில் ஜன்னல் என்பது வெறும் திறப்பா, கண்ணாடியா, சட்டமா, நிற்கும் இடமா? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் ‘ப்ரெபோசிஷன்’ எனப்படும் முன்னிடைச்சொல் தானாக வந்து சேரும். இக்கட்டுரை அந்தத் தொடர்களை இந்தக் கேள்விகளின் வரிசையில் ஆராய்கிறது.

காற்றுக்கு வைத்த வழி

‘விண்டோ’ ஆங்கிலத்தின் பூர்வீகச் சொல் அன்று. ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் பழைய நார்ஸ் மொழியில் காற்றையும் கண்ணையும் சேர்த்துச் செய்த சொல்லிலிருந்து அது வந்தது. ஆங்கில எழுத்தில் அது 13ஆம் நூற்றாண்டில் தென்படத் தொடங்குகிறது. அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் கண்துளை, கண்கதவு என்று பொருள்படும் சொற்கள் இருந்தன. பிரெஞ்சு வழியாக வந்த இன்னொரு சொல்லும் சில நூற்றாண்டுகள் உடன் வாழ்ந்து மறைந்தது.

தமிழிலும் இதையொத்த வரலாறு உண்டு. சிலப்பதிகாரத்தில் வரும் காலதர் என்னும் சொல்லில் கால் என்பது காற்று, அதர் என்பது வழி. இன்று நம் நாவில் புழங்கும் ஜன்னல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. ‘விண்டோ’, காலதர் என்ற இரண்டு பெயர்களும் காற்றை நினைத்து இடப்பட்டிருக்கின்றன. கண்ணாடி பதித்து, காற்றை நிறுத்தி, பார்வையை மட்டும் விடும் ஜன்னல் சாதாரண வீடுகளுக்கு வெகு பிற்காலத்தில்தான் வந்து சேர்ந்தது. திறப்பு, கண்ணாடி என்ற இந்த இரட்டைத் தன்மை முன்னிடைச்சொற்களில் இன்றும் தங்கியிருப்பதைப் பின்னால் பார்ப்போம்.

உள்ளிருந்து வெளியே

வீட்டுக்குள் நின்று வெளியே பார்ப்பதற்கு இங்கிலாந்தின் எழுத்து வழக்கு ‘லுக் அவுட் ஆஃப் த விண்டோ’. அமெரிக்கப் பேச்சில் ‘ஆஃப்’ உதிர்ந்து ‘லுக் அவுட் த விண்டோ’ ஆகிறது. பிரிட்டனிலும் பேச்சில் இந்தச் சுருக்கம் கேட்கிறது. எழுத்தில் அங்கே முழு வடிவத்தையே விரும்புகிறார்கள். இரண்டில் எது சரி என்ற வாதம் பயனற்றது. எழுதுவது எந்த நாட்டு வாசகருக்கு என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்து, அதையே கடைசிவரை பின்பற்றினால் போதும்.

இந்தச் சுருக்கத்துக்குள் ஒரு நுட்பமான விதி ஒளிந்திருக்கிறது. ‘அவுட் த விண்டோ’, ‘அவுட் த டோர்’ என்று சொல்லும் அமெரிக்கர், பொதுவழக்கில் ‘அவுட் த ஹவுஸ்’ என்று எழுதுவதில்லை. அங்கே ‘அவுட் ஆஃப் த ஹவுஸ்’ என்பதே வழக்கு. ஜன்னலும் கதவும் கடந்து செல்லும் வாய்கள். வீடு சுற்றி அடைக்கப்பட்ட இடம். வாய்களுக்கு மட்டும் ‘ஆஃப்’ இல்லாமல் நடக்கிறது. ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் ‘அவுட்’, ‘இன்’ போன்றவற்றை முழு முன்னிடைச்சொற்களாகவே கொள்கிறது. அவை பின்னால் பெயர்ச்சொல் இல்லாமலும் வரலாம், இன்னொரு முன்னிடைத்தொடரைச் சேர்த்துக்கொண்டும் வரலாம். இப்படிப் பார்த்தால் ‘அவுட் ஆஃப்’, ‘இன் அட்’, ‘அப் அட்’ எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பது தெளிவாகும். முதல் சொல் திசையைச் சொல்கிறது, அடுத்த சொல் திசைக்கும் பொருளுக்கும் உள்ள உறவைச் சொல்கிறது.

பழைய ஆங்கிலத் தொடர்கள் வேறாக இருந்தன. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் அபிமெலேக்கு அரசனும் யேசபேல் அரசியும் வெளியே பார்க்கும் இடங்களில் ‘அவுட் அட்’ என்ற சேர்க்கை வருகிறது. மீகாள் தாவீதைப் பார்க்கும் இடத்தில் ‘த்ரூ’ வருகிறது. இரண்டுக்கும் தமிழ் விவிலியம் ‘வழியாய்’ என்ற ஒரே சொல்லால் ஈடுகொடுக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டு உரைநடையில், டிக்கன்ஸ் நாவல்களிலும், ‘த’ இல்லாத ‘அவுட் ஆஃப் விண்டோ’ என்ற வடிவம் வரும். பழைய நாவலை மொழிபெயர்ப்பவர் அதை அச்சுப்பிழை என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொரு முன்னிடைச்சொல் ‘ஃப்ரம்’. ‘வாட்ச் ஃப்ரம் த விண்டோ’ என்னும்போது ஜன்னல் ஒரு காவல் மேடை ஆகிறது. ஊர்வலத்தை, வீடு திரும்பும் மகனை, சண்டையைக் கவனித்துப் பார்ப்பதற்கு அது பொருந்தும். ‘ஸ்டேர் அவுட் ஆஃப் த விண்டோ’ என்னும்போது பெரும்பாலும் கவனம் எதிலும் இல்லை. வகுப்பில் பாடத்தைக் கேட்காத பையனை ஆசிரியர் கடிந்துகொள்ளும் வாக்கியம் அது. ரயில் பயணத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது என்று நாம் சொல்வதற்கும் ஆங்கிலத்தில் ‘லுக் அவுட் ஆஃப் த விண்டோ’ என்பதே நெருங்கிய ஈடு.

வெளியிலிருந்து உள்ளே

பார்ப்பவர் தெருவில் நின்றால் ‘இன்’ வருகிறது. ‘லுக் இன் அட் த விண்டோ’ என்பது ஜன்னலருகே வந்து நின்று உள்ளே பார்ப்பது. ‘அட்’ என்ற சொல் ஆளை ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறது. ‘லுக் இன் த விண்டோ’ இன்றைய பேச்சுவழக்கு. ‘லுக் இன் த்ரூ த விண்டோ’ திசையையும் வழியையும் சேர்த்துச் சொல்கிறது. கடைத்தெருவில் ‘லுக் இன் ஷாப் விண்டோஸ்’ என்றால் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியுள்ள பொருள்களைப் பார்ப்பது என்று பொருள். கடைக்காரர் என்ன செய்கிறார் என்பதில் அங்கே அக்கறை இல்லை. ‘லுக் இன் ஆன்’ என்று சேர்ந்துவிட்டால் ஜன்னல் தொடர்பே அற்றுப்போய், ஒருவரைச் சிறிது நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வருவது என்ற பொருள் வந்துவிடும். ஜன்னல் பேச்சில் வரும் ‘இன்’னை இதனோடு கலந்துவிடலாகாது.

உள்ளே பார்ப்பதில் ஒழுக்கக் கேள்வி ஒன்று கலந்திருக்கிறது. வெளியே பார்ப்பவர் உலகத்தைப் பார்க்கிறார். உள்ளே பார்ப்பவர் பிறர் வாழ்வைப் பார்க்கிறார். ஆங்கிலத்தில் பிறர் வீட்டைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பவனுக்குப் ‘பீப்பிங் டாம்’ என்று பெயர். கவென்ட்ரி நகரத்து லேடி கொடைவா கதையிலிருந்து வந்த பெயர் அது. கதைப்படி அவள் தெருவழியே போகும்போது ஊர் முழுவதும் கதவடைத்துக்கொண்டிருக்க, டாம் என்பவன் மட்டும் தன் வீட்டுக்குள் இருந்து வெளியே எட்டிப் பார்த்தான். ஆக, மூலக்கதையில் பார்வை போன திசை ‘அவுட்’. இன்றைய வழக்கில் பீப்பிங் டாம் என்றால் வெளியே நின்று ‘இன்’ பார்ப்பவன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இந்தப் பெயரிலேயே குற்றச் சட்டப் பிரிவு இருக்கிறது. அந்தச் சட்டம் தேர்ந்துகொண்ட சொல் ‘த்ரூ’. ஜன்னல் வழியாக, கதவு வழியாகப் பிறர் தனிமையில் தலையிடுவது குற்றம் என்று வரையறுக்கும்போது திசையைவிட வழியே சட்டத்துக்கு முக்கியமாகிறது.

திசைகளைக் கதையின் அச்சாக்கிய படைப்பு ஒன்று உண்டு: ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய ‘த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’. பிளை என்னும் மாளிகைக்குக் குழந்தைகளைக் கவனிக்க வரும் ஆசிரியை, இறந்துபோன வேலைக்காரன் க்விண்டின் உருவத்தை முதலில் மாளிகைக் கோபுரத்தின் உச்சியில் காண்கிறாள். பார்வை கீழிருந்து மேலே போகிறது. அடுத்த முறை அவன் சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே பார்க்கிறான். அவள் வெளியே ஓடி, அவன் நின்ற அதே இடத்தில் நின்று உள்ளே பார்க்க, அறைக்குள் வந்த வீட்டு மேற்பார்வையாளர் அவளைக் கண்டு வெளிறிப்போகிறார். பின்னொரு இரவில் அவள் மேல்மாடி ஜன்னலிலிருந்து கீழே பார்க்கிறாள். புல்வெளியில் நிற்கும் சிறுவன் மைல்ஸ் அவளுக்கும் மேலே எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கதையின் அச்சம் முழுவதும் யார் எங்கே நிற்கிறார், யார் பார்வை எங்கே போகிறது என்பதில் அடங்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஒரு திசையைத் தவறவிட்டாலும் அந்தப் பக்கத்தின் அச்சம் கலைந்துவிடும்.

கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே

‘லுக் அப் அட் த விண்டோ’ என்பதில் ஜன்னல் வழியாக எதையும் பார்ப்பதில்லை, ஜன்னலையே பார்க்கிறார்கள். தெருவில் நிற்பவர் தலையை உயர்த்தி மாடி ஜன்னலைக் காண்பது இது. ‘அட்’ தான் இங்கே இலக்கைக் காட்டும் சொல். அதை விட்டுவிட்டு ‘லுக் அப் த விண்டோ’ என்றால் அகராதியில் சொல் தேடுவதுபோல் ஜன்னலைத் தேடுவதாக ஆகிவிடும். ‘அட்’ இருக்கும் இடத்தில் ‘டு’ போட்டால் ஒருவரை மதித்து ஏறெடுத்துப் பார்ப்பது என்ற பொருள் தலைகாட்டும். மேலிருந்து கீழே பார்க்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. ‘லுக் டவுன் அட் த ஸ்ட்ரீட் ஃப்ரம் த விண்டோ’ என்றால் தெருவைக் குனிந்து பார்ப்பது; ‘லுக் டவுன் ஆன்’ என்பதற்கோ இளக்காரமாகப் பார்ப்பது என்ற பொருளும் உண்டு.

ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ நாடகத்தில் மாடிமுகப்புக் காட்சி என்று உலகம் கொண்டாடும் காட்சியின் மூலப் பனுவலில் ‘பால்கனி’ என்ற சொல்லே கிடையாது. ரோமியோ அண்ணாந்து பார்ப்பது ஒரு ஜன்னலை. மேடை மரபு பிற்காலத்தில் அதைப் பால்கனியாக்கியது.

திறப்பு, கண்ணாடி, சட்டம், இடம்

தமிழ் மாணவர்கள் அதிகம் இடறுவது மூன்றாவது கேள்வியில்தான். ஆங்கிலம் ஜன்னலை நான்கு விதமாகப் பாவிக்கிறது.

திறப்பாகக் கருதும்போது ‘த்ரூ’, ‘அவுட் ஆஃப்’, ‘இன்’ ஆகியவை வருகின்றன. இங்கே பார்வைக்கும் பொருளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மூடிய ஜன்னலிலும் ‘லுக் அவுட் ஆஃப் த விண்டோ’ சரி. கண்ணாடி பார்வையைத் தடுப்பதில்லை. ஒரு பந்து ‘த்ரூ த விண்டோ’ போயிற்று என்றால், திறந்த ஜன்னல் என்று சொல்லாதவரை, கண்ணாடி உடைந்துவிட்டது என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். ‘பறவை ஃப்ளூ இன்டு த விண்டோ’ என்றால் கண்ணாடியில் மோதியது. ‘ஃப்ளூ இன் த்ரூ த விண்டோ’ என்றால் அறைக்குள் வந்துவிட்டது. ஒரு சிறு சொல் மாறினால் பறவையின் உயிரே கேள்விக்குரியதாகிறது.

கண்ணாடியாகக் கருதும்போது ‘ஆன்’ வருகிறது. மழைத்துளி, உறைபனி, ஒட்டிய தாள் எல்லாம் ‘ஆன் த விண்டோ’. விரிசல் மட்டும் கண்ணாடியின் உடம்புக்குள் இருப்பதால் ‘இன் த விண்டோ’.

சட்டமிட்ட இடமாகக் கருதும்போதும் ‘இன்’ வருகிறது. இரவில் எரியும் விளக்கு, கடையில் அடுக்கிய கேக், சாய்ந்து படுத்திருக்கும் பூனை ஆகியவை ‘இன் த விண்டோ’. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவை சட்டத்துக்குள் அடங்கித் தெரிகின்றன.

நிற்கும் இடமாகக் கருதும்போது ‘அட்’, ‘பை’ வருகின்றன. ‘பை த விண்டோ’ என்பது ஜன்னலோரம். நாற்காலியும் அங்கே கிடக்கலாம். ‘அட் த விண்டோ’ என்பதில் ஒரு நோக்கம் உண்டு. ஜன்னலின் பயனைப் பெற வந்து நிற்கும் ஆளுக்கே அது பொருந்தும். வங்கியிலும் ரயில் நிலையத்திலும் பணம் கட்டும் இடத்தில் நிற்பவர் ‘அட் த விண்டோ’ நிற்பதும் இதனால்தான். ‘எ ஃபேஸ் அட் த விண்டோ’ என்றால் அந்த முகம் நம்மைப் பார்க்கிறது என்ற உணர்வு வந்துவிடுகிறது. பேய்க்கதைகள் இந்தத் தொடரை விரும்புவதற்குக் காரணம் அதுவே.

ஜன்னலே பார்க்கும்போது

ஆங்கிலத்தில் ஆள் இல்லாமலேயே ஜன்னல் பார்க்கும். அறை கடலை நோக்கி ‘லுக்ஸ் அவுட் ஆன்’, ஜன்னல் தோட்டத்தை ‘ஓவர்லுக்ஸ்’. ‘கிவ்ஸ் ஆன் டு’ என்ற வழக்கும் உண்டு. அது பிரெஞ்சு மொழியின் சாயல். நாமும் ‘தெருவைப் பார்த்த ஜன்னல்’, ‘கிழக்கு பார்த்த வீடு’ என்கிறோம். இந்த இடத்தில் இரு மொழிகளும் ஒன்றுபோலவே சிந்திக்கின்றன.

‘ஓவர்லுக்’ என்ற வினைச்சொல் தனி ஆராய்ச்சிக்குரியது. மேலிருந்து பார்ப்பது, கவனிக்காமல் விடுவது என்று கிட்டத்தட்ட எதிரெதிரான இரண்டு பொருள்களை அது சுமக்கிறது. பழைய ஆங்கிலப் பேச்சில் கண்ணேறு படச் செய்வது என்ற மூன்றாவது பொருளும் அதற்கு இருந்தது. திருஷ்டி கழிக்கும் வழக்கமுள்ள நமக்கு அந்தப் பொருள் எளிதில் விளங்கும்.

இதே சொல் அண்மையில் லண்டனில் ஒரு பெரிய வழக்கின் மையத்தில் நின்றது. டேட் மாடர்ன் கலைக்கூடம் 2016இல் திறந்த புதிய கட்டடத்தின் பத்தாவது தளத்தில் நகரத்தைப் பார்க்க ஒரு சுற்றுமாடம் வைத்தது. எதிரே கண்ணாடிச் சுவர்கள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. நகரத்தை வெளியே பார்க்க வந்தவர்கள் அந்த வீடுகளுக்குள் பார்க்கத் தொடங்கினர், படமும் எடுத்தனர். குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். இரண்டு நீதிமன்றங்களில் தோற்று, 2023 பிப்ரவரி 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் வென்றனர். பக்கத்துக் கட்டடத்திலிருந்து வீடு பார்வைக்குப் படுவது, அதாவது வெறும் ‘ஓவர்லுக்கிங்’, தன்னளவில் தொல்லை ஆகாது. ஆனால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்களை அழைத்து நிறுத்திப் பார்க்கவைப்பது சாதாரண நிலப் பயன்பாடு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். ‘அவுட்’டுக்கும் ‘இன்’னுக்கும் உள்ள வேறுபாடு இலக்கணப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மொழியியலாளர் சொல்வது

பார்வை எங்கும் பயணம் செய்வதில்லை. ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது. 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல் ஹைதம் தம் ஒளியியல் நூலில் இதை நிலைநாட்டினார். யூக்ளிடும் தாலமியும் கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதாகவே கருதியிருந்தனர். அறிவியல் மாறியது, பேச்சு மாறவில்லை. ஆங்கிலத்தில் பார்வை வெளியே போகிறது, உள்ளே நுழைகிறது, மேலே ஏறுகிறது. தமிழிலும் பார்வை விழுகிறது, கண் படுகிறது. மொழியியலாளர் லெனார்ட் டால்மி இதைக் கற்பனை இயக்கம் என்று வகைப்படுத்தி விளக்கினார். உலக மொழிகள் இயக்கத்தின் பாதையை எங்கே வைத்துச் சொல்கின்றன என்று அவர் செய்த பாகுபாடும் புகழ்பெற்றது. ஸ்பானியம் போன்ற மொழிகள் பாதையை வினைச்சொல்லிலேயே அடக்குகின்றன. ஆங்கிலம் அதை வினைக்கு வெளியே ‘இன்’, ‘அவுட்’, ‘அப்’ போன்ற சிறு சொற்களில் வைக்கிறது.

டான் ஸ்லோபினும் ரூத் பெர்மனும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதைக் குழந்தைகளின் வாயால் சோதித்தது. மெர்சர் மேயர் 1969இல் வரைந்த, சொற்களே இல்லாத தவளைக் கதைப் படப்புத்தகத்தை ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானியம், ஹீப்ரு, துருக்கி மொழி பேசும் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் கொடுத்துக் கதை சொல்லக் கேட்டார்கள். அந்தப் புத்தகத்திலும் ஒரு ஜன்னல் காட்சி உண்டு: சிறுவன் ஜன்னலில் நின்று தவளையைக் கூப்பிடுகிறான், தலை ஜாடிக்குள் மாட்டிய நாய் ஜன்னலிலிருந்து விழுகிறது. படம் ஒன்றே, ஒவ்வொரு மொழியினரும் தம் மொழி கேட்கும் விவரத்துக்கு முதலிடம் கொடுத்தார்கள். பேசுவதற்காகச் சிந்திக்கும்போது மொழி நம் கவனத்தைத் திருப்புகிறது என்ற ஸ்லோபினின் கருத்துக்கு இத்தகைய ஆய்வுகள் அடித்தளம். பின்னர் அவர் உடல் செல்லும் பாதையையும் பார்வை செல்லும் பாதையையும் ஒப்பிட்டும் ஆராய்ந்தார்.

தமிழ் கவனிப்பது எதை?

தமிழின் பலம் வினையெச்சத்தில் இருக்கிறது. எட்டிப் பார்த்தான், அண்ணாந்து பார்த்தான், குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், ஏறிட்டுப் பார்த்தான், திரும்பிப் பார்த்தான், தலையை நீட்டிப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் உடம்பின் அசைவு தெரிகிறது. ஆங்கிலம் பார்வையின் பாதையை வரைய, தமிழ் பார்ப்பவரின் கழுத்தையும் முதுகையும் வரைகிறது. ‘வெளியே’, ‘உள்ளே’, ‘மேலே’ என்ற சொற்கள் நம்மிடமும் உண்டு. தேவைப்படும்போது மட்டும் அவற்றைச் சேர்க்கிறோம்.

மொழிபெயர்ப்பில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ‘லுக்ட் அவுட்’ என்பதை எல்லா இடத்திலும் ‘எட்டிப் பார்த்தாள்’ என்று போட்டால், அமைதியாக நின்ற பெண்ணுக்கு இல்லாத ஆவல் ஒட்டிக்கொள்கிறது. ‘ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்’ என்பதே அங்கே போதும். ‘லுக்ட் அப் அட் த விண்டோ’ என்பதை ‘ஜன்னலைப் பார்த்தான்’ என்று விட்டால் மாடி மறைந்துவிடும்; ‘அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தான்’ என்றால் அது நிற்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘எட்டிப் பார்த்தான்’ என்பதற்கு வெறும் ‘லுக்’ போதாது. சூழலுக்கேற்ப ‘பீப்’, ‘பியர்’, ‘லீன் அவுட்’ என்று தேட வேண்டும்.

முடிவு

ஆங்கில ஜன்னல் தொடர்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பார்ப்பவரின் இடம், பார்வையின் திசை, ஜன்னலின் தன்மை என்ற மூன்றையும் தீர்மானித்தால் பெரும்பாலான தொடர்களைச் சரியாக அமைத்துவிடலாம். ‘அவுட் ஆஃப்’, ‘அவுட்’ என்ற வேறுபாடு நாட்டு வழக்கைச் சேர்ந்தது; ‘அட்’, ‘இன்’, ‘ஆன்’, ‘த்ரூ’ என்ற வேறுபாடு பொருளைச் சேர்ந்தது. முதலாவதில் தாராளமாக இருக்கலாம், இரண்டாவதில் கண்டிப்பு வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னிடைச்சொற்களைக் கரும்பலகையில் பட்டியலாக எழுதுவதற்கு முன், ஒரு மாணவரை வகுப்பறைக்குள்ளும் ஒருவரை வராந்தாவிலும் ஒருவரை மைதானத்திலும் நிறுத்தி, மூவரையும் ஒரே ஜன்னலைப் பார்க்கச் சொல்லுங்கள். அவரவர் செய்வதை அவரவரே ஆங்கிலத்தில் சொல்லட்டும். ஆங்கிலம் தமிழ் அகராதி தயாரிப்பவர்களும் ‘லுக் அவுட்’ என்ற பதிவில் எச்சரிக்கைப் பொருளுக்கு முன்பாக வெளியே பார்த்தல் என்ற அடிப்படைப் பொருளை, ஜன்னல் எடுத்துக்காட்டோடு தர வேண்டும். மற்ற பொருள்கள் அதிலிருந்து கிளைத்தவை என்பது கற்பவருக்கு அப்போதுதான் விளங்கும்.